சரிவில் புல் வெட்டப் பழைய லான்ட்மாஸ்டர் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசியில் தொடங்கிய மழை தையில் ஓயும்போது திருகோணமலைப் பக்கம் காணி வைத்திருப்பவர்களுக்கெல்லாம் ஒரே தலையிடிதான். குளக்கட்டு, வாய்க்கால் கரை, கன்னியாப் பக்கத்து மேட்டுக்காணி, நிலாவெளி வீதியோர வளவு என்று எங்கு பார்த்தாலும் கினிப்புல் இடுப்பளவுக்கு நிற்கும். கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. அப்போதுதான் "லான்ட்மாஸ்டர் என்கிற ஒரு பழைய கை ட்ராக்டர் வாங்கி, முன்னால் வெட்டும் கருவி பூட்டினால் என்ன?" என்ற யோசனை வரும். அப்படி யோசிப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். நிறுத்தவும் திருப்பவும் முடிகிறதா என்பதைப் பார்த்து வாங்குங்கள், இழுவையைப் பார்த்து வாங்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

வயல் உழுகிற லான்ட்மாஸ்டரையே சரிவில் புல் வெட்டப் பாவிக்கலாமா?

மெல்லிய சரிவில், முன்பக்கம் வெட்டும் கருவி பூட்ட முடிந்தால் பாவிக்கலாம். மற்றபடி அது சேற்று வயலுக்கென்று செய்த வண்டி. 12 குதிரைவலு ஒற்றைச் சிலிண்டர் சீன டீசல் இஞ்சின், மூன்று வீ பெல்ட், பின்னால் சுழல் கலப்பை. எல்லாம் சேர்ந்து முந்நூறு கிலோவுக்கு மேல் நிறை. சமதரையில் அந்த நிறை உதவி. சரிவில் அதுவே உங்களைக் கீழே இழுத்துக்கொண்டு போகும்.

சிலர் சுழல் கலப்பையை மேலோட்டமாக ஓட்டிப் புல்லை அழிக்கலாம் என்பார்கள். சரிவில் அதைச் செய்யவே வேண்டாம். புல்லின் வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. அதைக் கிளறிவிட்டால் அடுத்த மாரியில் மண் முழுவதும் வாய்க்காலுக்குள் கிடக்கும்.

லான்ட்மாஸ்டரை விட்டால் இரண்டாவது வகை, இத்தாலியில் செய்யப்படும் பிசிஎஸ், கோல்டோனி போன்ற வண்டிகள். நிறை குறைவு. கைப்பிடியை அரை வட்டம் திருப்பிப் பூட்டி, கருவியை முன்னால் வைத்து ஓட்டலாம். கருவியைச் சுழற்றத் தனித் தண்டு உண்டு. பிசிஎஸ் நிறுவனம் 1943 இல் ஆரம்பித்ததே புல் வெட்டும் இயந்திரத்தோடுதான். இந்த வகை நம் பக்கம் அபூர்வமாகத்தான் விலைக்கு வரும். வந்தால் போய்ப் பார்க்கலாம். மூன்றாவது, ஜப்பானில் பாவித்துக் கழித்த சின்ன வண்டிகள். கைக்கு அடக்கமானவை, ஆனால் பெரும்பாலும் தோட்டம் கொத்த மட்டும் செய்தவை. கருவி பூட்டத் தண்டு இருக்கிறதா என்று கேட்காமல் போகாதீர்கள்.

எங்கள் காணி எவ்வளவு சரிவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணால் மதிப்பிட வேண்டாம். கீழே நின்று பார்த்தால் எந்தச் சரிவும் சாதுவாகத்தான் தெரியும். சரியாக இரண்டு மீற்றர் நீளமான நேர்த் தடி ஒன்றை எடுங்கள். ஒரு முனையை மேட்டில் வைத்து, மேசன்மாரின் நீர்மட்டத்தைத் தடிமேல் வைத்துக் கிடையாகப் பிடியுங்கள். மறு முனைக்கும் நிலத்துக்கும் உள்ள உயரத்தை அளவுநாடாவால் அளவுங்கள். 53 சென்ரிமீற்றர் என்றால் ஏறத்தாழ 15 பாகை. 73 என்றால் 20 பாகை. ஒரு மீற்றர் வந்துவிட்டால் 26 பாகையைத் தாண்டிவிட்டது.

புல் வெட்டும் இயந்திரங்களின் கைநூல்களில் 15 பாகைக்கு மேல் வேண்டாம் என்றுதான் பொதுவாக எழுதியிருக்கும். என் கணக்கும் அதுதான். அதற்குக் கீழே நல்ல வண்டியும் நிதானமான ஆளும் போதும். 15 இலிருந்து 20 வரை, சக்கரம் அகலமாகப் பூட்டிய, நிறை குறைந்த வண்டியும் கைப்பழக்கம் உள்ள ஆளும் வேண்டும். அதற்கு மேல் தோளில் மாட்டும் புல் வெட்டியைத் தவிர வேறொன்றையும் நான் சொல்ல மாட்டேன்.

இதில் பலருக்கும் ஏமாற்றம் வரும். நம் சிறிய குளக்கட்டுகள் பல, இரண்டு அடி போனால் ஒரு அடி இறங்கும் சரிவில் கட்டியவை. அதாவது 26 பாகைக்கு மேல். கட்டின் தலையையும் அடிவாரத்தையும் வண்டியால் வெட்டலாம், இரண்டு பக்கச் சரிவுகளையும் தோள் வெட்டியால்தான் வெட்ட வேண்டும். ஜப்பானில் வயல் வரம்புச் சரிவுக்கென்றே ஓரெக் நிறுவனம் ஸ்பைடர் மோவர் என்று ஒன்று செய்கிறது. அது வேறு சாதி, லான்ட்மாஸ்டரை அதோடு ஒப்பிட்டு மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம்.

"12 குதிரைவலு இல்லாமல் வீட்டுக்குக் கொண்டு வராதே" என்று மச்சான் சொல்கிறார். சரியா?

மச்சான் வயலை மனதில் வைத்துச் சொல்கிறார். புல்லுக்கு எவ்வளவு வலு வேண்டும் என்பது எந்தக் கருவி பூட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு மீற்றர் கத்திச் சட்டத்துக்கு 6, 7 குதிரைவலு பெற்றோல் இஞ்சின் தாராளம்.

எந்த வெட்டும் கருவி நல்லது?

மூன்று வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்.

கத்திச் சட்டம் என்பது முக்கோணக் கத்திகள் வரிசையாகத் தறையப்பட்ட ஒரு பட்டி, இரும்பு விரல்களுக்கிடையே இடமும் வலமும் ஓடுவது. தலைமயிர் வெட்டும் மெஷின் போலத்தான். வலுவைக் குறைவாகக் குடிக்கும், நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும், கல்லை எறியாது. சரிவுக்கு என் முதல் தெரிவு இதுதான். ஆனால் முள்ளுக்கம்பி, கல், தென்னம்பாளை என்று ஏதாவது விரலுக்குள் மாட்டினால் கத்தி உடையும். ஈரப் புல் அடைக்கும். வெட்டிய புல் நீளமாகவே விழும். மாடு உள்ளவர்களுக்கு அது லாபம், மற்றவர்கள் வாரி அள்ள வேண்டும்.

பழைய சட்டத்தைப் பார்க்கும்போது இஞ்சினை நிறுத்திவிட்டு, கையுறை போட்டு, ஒரு முக்கோணக் கத்தியை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கத்தி, விரலுக்குள் இருக்கும் தட்டில் படிந்து ஓட வேண்டும். இடைவெளியில் ஒரு தீக்குச்சி நுழைகிறது என்றால் அது புல்லை வெட்டாது, மடித்துச் செருகும். விரல்களை ஒரு முனையில் குனிந்து நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். ஒரே கோட்டில் நில்லாமல் ஒன்றிரண்டு மேலே வளைந்திருந்தால் கல்லில் அடிபட்டிருக்கிறது. விரலைத் தட்டி நிமிர்த்தலாம், ஆனால் சட்டமே வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

சம்மட்டிக் கத்தி வகையில் ஓர் உருளையில் தொங்கும் சிறு கத்திகள் சுழன்று புல்லையும் சிறு பற்றையையும் நொறுக்கிப் பரப்பும். கரடுமுரடான நிலத்துக்கு இதுதான் பொருத்தம், அள்ளும் வேலையும் இல்லை. ஆனால் நிறை கூட, 10 குதிரைவலுவுக்குக் குறையாமல் கேட்கும். பழையதில் உருளையின் பெயாரிங் போயிருந்தால் ஓடும்போது கைப்பிடி நடுங்கும். கத்தி ஒன்றிரண்டு இல்லாமல் ஓட்டியிருந்தாலும் அப்படித்தான்.

மூன்றாவது, கிடையாகச் சுழலும் ஒற்றைக் கத்தி. விலை குறைவு. கல்லை எறிகிற எறியில் வீதியால் போகிறவனின் கண் போய்விடும். வீட்டோரம், வீதியோரம் என்றால் வேண்டவே வேண்டாம்.

நெல் அறுக்கும் ரீப்பரைக் காட்டி "இதுவும் புல் வெட்டும்" என்று சொல்லி விற்பார்கள். அது காய்ந்து நிமிர்ந்து நிற்கும் வெள்ளாமைக்கு. சாய்ந்து பின்னிக் கிடக்கும் கினிப்புல்லில் பத்தடி போகாது.

இறக்கத்தில் லான்ட்மாஸ்டர் எதிர்ப்பக்கம் திரும்புகிறதே, பழுதா?

பழுதில்லை. அதன் அமைப்பே அப்படி. சரிவில் நடக்கும் விபத்துக்கு இது ஒரு பெரிய காரணம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த வண்டிகளில் ஒவ்வொரு கைப்பிடிக்கும் கீழே ஒரு சின்ன லீவர் இருக்கும். சமதரையில் இடது லீவரைப் பிடித்தால் இடது சக்கரத்துக்குப் போகும் இழுவை அறுந்துவிடும். வலது சக்கரம் மட்டும் தள்ளும், வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் கதை வேறு. அங்கே இஞ்சின் சக்கரங்களைத் தள்ளவில்லை, ஓடிவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. இடது லீவரைப் பிடித்த கணமே இடது சக்கரம் விடுபட்டு முன்னால் ஓடும், வலது சக்கரம் பிடித்தபடி நிற்கும். வண்டி வலப்பக்கம் வெட்டித் திரும்பும். பழகாத கை பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அது இன்னும் மோசம். இரண்டு லீவரையும் ஒன்றாகப் பிடித்தால் வண்டியைத் தடுக்க ஒன்றுமே இல்லை.

பழைய ஓட்டுநர்மார் இறக்கத்தில் லீவரைத் தொடவே மாட்டார்கள். முதலாம் கியரில், கைப்பிடியைத் தோளால் தள்ளித்தான் திருப்புவார்கள். உங்களுக்கும் அந்தப் பழக்கம் வரும்வரை சரிவுக்குப் போக வேண்டாம்.

டிஃபரன்ஷியல், அதாவது திரும்பும்போது இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் உருள விடும் பற்சக்கர அமைப்பு, உள்ள வண்டியில் இந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை உண்டு. குறுக்கே ஓடும்போது மேட்டுப்பக்கச் சக்கரம் நிறை குறைந்து சும்மா சுழலும், வண்டி கீழே வழுகும். ஆகவே டிஃபரன்ஷியலைப் பூட்டும் லீவர் இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, விற்பவர் முன்னாலேயே பூட்டிப் பார்க்க வேண்டும். பூட்டியதும் இரண்டு சக்கரமும் ஒன்றாக உருள வேண்டும்.

பார்க்கப் போகும்போது முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

போவதற்கு முன் ஒரு போன் கோல் எடுத்து, "அண்ணை, நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லுங்கள். போனதும் பேச்சுக் கொடுத்தபடி இஞ்சின் தலையில் கை வையுங்கள். சுட்டால், "காலமை ஒருக்கா ஓட்டிப் பார்த்தனான் தம்பி" என்பார். சரி, தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி ஒரு மணித்தியாலம் கழித்துப் போங்கள். களைத்த இஞ்சின் சூட்டில் இலகுவாக எழும்பும், குளிரில்தான் உண்மை தெரியும்.

ஸ்டார்ட் பண்ணும் முன்பு, அமுக்கம் விடும் லீவரைத் தொடாமல், இஞ்சினைக் கையால் சுற்றும் கம்பியை மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல இஞ்சினில் ஓர் இடத்தில் கை நின்று, பின்னுக்குத் தள்ளும். தடையில்லாமல் சுற்றினால் ரிங் அல்லது வால்வு போய்விட்டது. கம்பியைப் பிடிக்கும்போது பெருவிரலும் மற்ற விரல்களும் ஒரே பக்கம் இருக்கட்டும், திருப்பி அடித்தால் மணிக்கட்டு தப்பும்.

ஓடத் தொடங்கியதும் புகையைப் பாருங்கள். குளிரில் கொஞ்சம் வெள்ளைப் புகை வருவது வழக்கம், சூடாகியும் நிற்கவில்லை என்றால் கேள்வி கேட்க வேண்டும். நீலம் என்றால் ஓயில் எரிகிறது. கருமை என்றால் காற்று வடிகட்டி அடைப்பாகவோ இஞ்செக்டர் பழுதாகவோ இருக்கலாம், இரண்டும் திருத்தக்கூடியவை. சீன டீசலில் தண்ணீர்த் தொட்டி திறந்தே இருக்கும். சூடாகும் முன்பே குமிழி குமிழியாக மேலே வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. ஓயில் கம்பியில் பால்தேத்தண்ணி நிறம் தெரிந்தால் ஓயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டிக்கு மேலே பேச்சு வேண்டாம்.

இஞ்சின் நன்றாக இருக்கிறது. பிறகென்ன?

பிறகுதான் முக்கியமானதே. இஞ்சினை மாற்றலாம். எஸ்195 போன்ற சீன இஞ்சின்களுக்கு உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும். கியர் பெட்டியும் கிளச்சும் பிரேக்கும்தான் சரிவில் உங்களைக் காப்பாற்றப் போகிறவை.

பக்கத்தில் ஒரு சின்ன இறக்கத்துக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள். முதலாம் கியரில், இஞ்சின் மெதுவாக ஓட, கீழே இறக்குங்கள். கியர் தானாகக் கழன்று நடுவுக்கு வருகிறதா? வந்தால் அந்த வண்டி சரிவுக்குக் கூடவே கூடாது, சும்மா தந்தாலும்தான். பாதி இறக்கத்தில் நிறுத்துங்கள். பல சீன வண்டிகளில் கிளச்சும் பிரேக்கும் ஒரே லீவர். கொஞ்சம் இழுத்தால் கிளச் விடும், இன்னும் இழுத்தால் பிரேக் பிடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே வண்டி சுதந்திரமாக உருளும் ஓர் இடம் உண்டு. அது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இறக்கத்தில் பிரேக் பிடித்தபடி வண்டி அசையாமல் நிற்க வேண்டும்.

அடுத்து ஏற்றத்தில் ஒரு தடவை. இஞ்சின் சத்தம் ஏறியும் வண்டி நகர மறுத்தால் கிளச் தட்டோ பெல்ட்டோ வழுக்குகிறது. பெல்ட் மலிவு, கிளச் அப்படியல்ல. பக்க லீவர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து விடுங்கள். விட்டதும் "டக்" என்று பல் கடித்துக்கொள்ள வேண்டும். சிணுங்கி, இரண்டாம் முறைதான் பிடிக்கிறது என்றால் பல் தேய்ந்துவிட்டது. கடைசியாக, ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரம் அச்சில் ஆடுகிறதா என்று ஆட்டிப் பாருங்கள்.

கைப்பிடியை விட்டதும் தானாக நிற்கும் லீவர் புதிய வண்டிகளில் இருக்கும். அதைக் கம்பியால் கட்டி வைத்திருந்தால் முந்திய சொந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்பதும் தெரிந்துவிடும்.

சரிவில் ஓட்டினால் இஞ்சின் கெடுமா?

கெடலாம். சிறிய பெற்றோல் இஞ்சின்கள் பலவற்றில் ஓயில் பம்ப் இல்லை, அடியில் இருக்கும் ஓயிலை ஒரு கரண்டி அள்ளித் தெறிக்கும். வண்டி நீண்ட நேரம் ஒரு பக்கம் சாய்ந்தே ஓடினால் ஓயில் மற்றப் பக்கம் ஒதுங்கி, கரண்டிக்கு எட்டாது. எவ்வளவு சாயலாம் என்று இஞ்சினின் கைநூலில் இருக்கும், இஞ்சினுக்கு இஞ்சின் வேறுபடும். ஓயிலை மேல்கோடு வரை வைத்திருங்கள். ஒரு சுற்றுப் போனால் திரும்பி மறுபக்கம் சாய்ந்து வாருங்கள். திறந்த தண்ணீர்த் தொட்டி உள்ள டீசலில் சாய்வில் சுடுதண்ணீர் தளும்பும், கால் கவனம்.

கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டி வாங்கலாமா?

உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி வண்டிகளில் பெயின்ட்டை நம்ப வேண்டாம். கைப்பிடியின் வெல்டிங், சக்கர நட்டுகள், கேபிள் ஓடும் குழாய் மூன்றையும் துரு இருக்கிறதா என்று சுரண்டிப் பாருங்கள்.

இத்தாலி வண்டி கிடைத்தால் உதிரிப்பாகத்துக்கு எங்கே போவது?

நினைக்கிற அளவுக்குக் கரைச்சல் இல்லை. பெயாரிங்கிலும் ஓயில் சீலிலும் பெல்ட்டிலும் இலக்கம் இருக்கும். அந்த இலக்கத்தைக் காட்டினால் டவுனிலேயே எடுக்கலாம். இஞ்சின் செத்தால் வேறு பெற்றோல் இஞ்சினைத் தட்டு வைத்துப் பூட்டிவிடலாம். கியர் சக்கரமும் கத்தியை ஆட்டும் பெட்டியும்தான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அந்த இரண்டும் சுகமாக இருந்தால் துணிந்து வாங்கலாம்.

பத்திரம் எதைப் பார்ப்பது?

பதிவுப் புத்தகத்தில் உள்ள இஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் வண்டியில் அடித்திருப்பவையும் ஒன்றாக இருக்க வேண்டும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்த்த கடிதம் கைக்கு வரும்வரை காசு கொடுக்க வேண்டாம்.

குளக்கட்டில் வண்டி ஏற்ற யாரையும் கேட்க வேண்டுமா?

கட்டாயம். பெரிய குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், சிறிய குளம் என்றால் கமநல சேவை நிலையமும் விவசாயிகள் அமைப்பும். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போனதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. கட்டின் மேல் ஏறும் எதையும் அதிகாரிகள் சந்தேகத்தோடு பார்ப்பது நியாயம்தான். இரும்புச் சக்கரத்தோடு ஒருபோதும் ஏற வேண்டாம், அது புல்தரையைக் கீறி மழைநீருக்கு வழி வெட்டிக் கொடுக்கும். வெட்டும்போது கட்டில் எலிவளை, உடும்புப் பொந்து, நீர்க்கசிவு கண்டால் ஒரு தடி நட்டு அடையாளம் வைத்துச் சொல்லிவிடுங்கள்.

எந்த மாதத்தில், எப்படி வெட்டுவது?

தை பிற்பகுதியிலும் மாசியிலும், புல் விதை கட்டும் முன்பு. நிலம் இறுகியிருக்க வேண்டும், புல் காய்ந்திருக்கக் கூடாது. கச்சான் என்கிற வறண்ட தென்மேல் காற்று அடிக்கும் மாதங்களில் சருகு கிடக்கும் சரிவில் சூடான புகைக்குழாயோடு போவது நெருப்புக்கு அழைப்பு. கட்டாயம் போகத்தான் வேண்டும் என்றால் ஒரு கலன் தண்ணீரும் ஆளும் பக்கத்தில் நிற்கட்டும்.

காலைப் பனி காய்ந்த பிறகு தொடங்குங்கள். முதலில் தடியால் தட்டிக்கொண்டு காணியை ஒரு முறை நடந்து வாருங்கள்: கல், கம்பி, கிடங்கு, கண்ணாடி விரியன். வெகுகாலம் ஆள் புழங்காத காணி என்றால், யுத்த காலத்தில் அங்கே என்ன இருந்தது என்று ஊர்ச் சனத்திடம் விசாரிக்காமல் கால் வைக்க வேண்டாம். சரிவுக்குக் குறுக்கே வெட்டுங்கள், மேலும் கீழுமாக அல்ல. நீங்கள் எப்போதும் வண்டிக்கு மேட்டுப் பக்கம் நடக்க வேண்டும். வழுக்கினால் அது உங்களைவிட்டுப் போகும், உங்கள் மேல் வராது. கைப்பிடியைப் பக்கவாட்டில் திருப்பக்கூடிய வண்டி இதற்காகவே கூடுதல் விலை பெறும். வண்டி சாயத் தொடங்கினால் விட்டுவிடுங்கள். இரும்பைப் பிறகு தூக்கலாம்.

இரண்டு ஏக்கர்தான். வாங்காமல் வாடகைக்கு எடுத்தால் என்ன?

வருடத்தில் இரண்டு தடவை வெட்டுகிறவருக்கு வாடகைதான் லாபம். தோள் வெட்டியோடு வருகிற ஆள் ஒருவரைப் பிடித்தால் இரண்டு ஏக்கர் சில நாள் வேலை. நாலைந்து காணிக்காரர் சேர்ந்தாலோ, விவசாயிகள் அமைப்பு ஒன்று வாய்க்கால் கரையெல்லாம் தானே பார்ப்பதென்றாலோ வாங்குவது நியாயம். அப்படிப் பொதுவில் வாங்கினால் ஓட்டுவதற்கு ஒருவரையே வைத்துக்கொள்ளுங்கள். சாவி கைமாறிக்கொண்டே இருக்கும் வண்டியில் ஓயில் யார் பார்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. வாங்கியதைக் கொண்டுவரும்போது பட்டா லொறியில், சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரில் போட்டு, கயிற்றை அச்சில் கட்டுங்கள். கைப்பிடியில் கட்டினால் கந்தளாய் வீதியிலேயே வளைந்துவிடும்.